ஏரியில் பழகிய துடுப்பு, எண்ணூர்க் கடலில்

"தம்பி, இன்றைக்கு வேண்டாம்" என்றார் பெரியவர்.

விடியற்காலை ஐந்தரை மணி. எண்ணூர் தாழங்குப்பம் கடற்கரையில் என் கயாக்கை, ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகை, காரின் மேலிருந்து இறக்கி, தூண்டில் கோல்களையும் கட்டி முடித்திருந்தேன். என் கண்ணுக்குக் கடல் சாதுவாகத்தான் தெரிந்தது. அவர் குனிந்து ஒரு பிடி காய்ந்த மணலை எடுத்து, தோள் உயரத்திலிருந்து மெல்ல விட்டார். மணல் நேராக விழாமல் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. "வாடை இன்னும் அடங்கவில்லை. இங்கே இறங்கினால் திருவொற்றியூரில்தான் கரையேறுவாய்."

ஜனவரி மாதம் அது. மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் அவிழ்த்துக் காரில் ஏற்றினேன். தண்டையார்பேட்டையிலிருந்து விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்த பயணம், ஒரு மீனும் இல்லாமல் முடிந்தது. ஆனாலும் கயாக்கில் மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இப்படித் திரும்பிப் போவதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் கரையில் நிற்பதற்கே எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

தொடக்கம் ஏரியில். மீஞ்சூர் பக்கம் என் தாய்மாமா மீன் குத்தகை எடுத்திருந்த பாசன ஏரி அது. எனக்குச் செங்குன்றம் இன்னும் பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கத்துப் புழலும் சோழவரமும் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள். அங்கே படகு இறக்கலாம் என்ற நினைப்பே கூடாது. கிராமத்து ஏரியிலும் மீனுக்குக் குத்தகைதாரர் இருப்பார். அவர் சம்மதம் இல்லாமல் தூண்டில் போடுவது, அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறிப்பதைப் போன்றது.

கயாக்கைப் பழையதாகத்தான் வாங்கினேன். பதினோரு அடி நீளம், 33 அங்குல அகலம், 32 கிலோ. உள்ளே காலை நீட்டி உட்காரும் கயாக் வேகமாக ஓடும். ஆனால் கவிழ்ந்தால் வயிறு முழுக்கத் தண்ணீர் குடித்துவிடும். மேலே உட்காரும் வகையில் அந்தத் தொல்லை இல்லை. தட்டில் மேலிருந்து அடிவரை துளைகள் இருக்கும். ஏறிய தண்ணீர் தானே வடிந்துவிடும். மீன் பிடிக்க வருகிறவர்கள் இரண்டாவதையே வாங்குங்கள். அகலத்திலும் கஞ்சம் வேண்டாம். இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும்போது அந்த அகலம்தான் காப்பாற்றும்.

ஏரி எனக்குத் தந்த பாடங்களில் முதலாவது விரால். ஆகாயத்தாமரைக்கு நடுவே கையகல இடைவெளியில் தண்ணீர் ஒருமுறை சுழித்து அடங்கும். விரால் மூச்சு விட மேலே வந்து போன தடம் அது. காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் வந்தே ஆக வேண்டும். அந்தச் சுழிப்புக்குச் சற்றுத் தள்ளி ரப்பர் தவளையை எறிந்து, செடி மேல் தத்தித் தத்தி இழுத்து வர வேண்டும். கரையிலிருந்து எறிகிறவர்களுக்கு எட்டாத இடத்துக்குச் சத்தமில்லாமல் போய் நிற்கலாம் என்பதுதான் கயாக்கின் பெருமை. துடுப்பு ஒருமுறை விளிம்பில் தட்டினாலும் போதும், அந்தப் பக்கம் அரை மணி நேரத்துக்கு எதுவும் அசையாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிக்கும் இடத்தில் தூண்டில் போடாதீர்கள். குஞ்சுக்குக் காவலாகக் கீழே நிற்கும் தாய் தகப்பன், எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதைப் பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

இரண்டாவது பாடம் கவிழ்வது. மாமா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மிதவைச் சட்டையோடு வேண்டுமென்றே கயாக்கைக் கவிழ்த்து மறுபடி ஏறிப் பழகினேன். கவிழ்ந்து கிடப்பதன் அடிப்பக்கத்தின் மேல் எட்டி, அந்தப் பக்கத்து விளிம்பைப் பிடித்து இழுத்துப் புரட்ட வேண்டும். பிறகு கையால் தொங்கி ஏறப் பார்க்கக் கூடாது. அது நம் மேலேயே சரியும். காலை உதைத்து உடலை நீச்சல் போலக் கிடைமட்டமாக்கி, வயிறு தட்டின் குறுக்கே படியும் வரை சறுக்கி ஏற வேண்டும். முதலில் வயிறு, பிறகு இடுப்பைத் திருப்பி உட்காருவது, கடைசியில் கால். முதல் நாள் ஐந்து முறை தோற்றேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்ய வருகிற வரை ஏரியை விட்டு வெளியே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். துடுப்பை ஒரு கயிற்றால் கயாக்கோடு கட்டும் பழக்கமும் அங்கேதான் வந்தது. கவிழ்ந்தவுடன் முதலில் மிதந்து போவது அதுதான்.

ஏரியிலிருந்து நேராகக் கடலுக்குப் போக வேண்டியதில்லை என்பது வட சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த வரம். நடுவில் கொசஸ்தலையாறு இருக்கிறது. பூண்டியில் தேங்கி, வல்லூர் அணைக்கட்டைத் தாண்டி வரும் ஆறு, எண்ணூரில் கடலைத் தொடும் முன் உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகமாக விரிகிறது. அங்கேதான் பெரியவரைச் சந்தித்தேன். அலையாத்திச் செடிகளின் ஓரமாக நான் நங்கூரம் போட்டு நின்றிருந்தேன். தன் படகில் வந்தவர், "அங்கே நிற்காதே தம்பி, இன்றைக்கு அது வேறு ஒருவர் பாடு" என்றார். அப்போது எனக்குப் புரியவில்லை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை இந்தப் பகுதி மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பழவேற்காடு ஏரியிலும் இந்தப் பாடு முறை உண்டு. பொழுதுபோக்குக்கு வந்த என் தூண்டில், ஒரு குடும்பத்தின் அன்றைய முறையில் குறுக்கே நின்றிருக்கிறது. அதன் பிறகு, தண்ணீரில் இறங்கும் முன் அவரிடம் கேட்காமல் எங்கும் நின்றதில்லை.

தண்ணீர் நகரும் என்ற எளிய உண்மையை உடம்பு அறிந்தது கழிமுகத்தில்தான். ஏரியில் கயாக்கை விட்ட இடத்தில் அது நிற்கும். இங்கே கடல் நீர் ஏறும் ஏற்றத்தில் உள்ளே இழுக்கும், அது இறங்கும் வற்றத்தில் வெளியே இழுக்கும். வற்றத் தண்ணீர் வேகமாக வெளியேறி, கடலிலிருந்து வரும் அலையோடு முட்டும் முகத்துவாரம் மிகவும் பொல்லாதது. அங்கே அலை சுவர் போல எழும்பும். அதனால் எப்போதும் போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போ, களைத்துத் திரும்பும்போது ஓட்டம் உன்னைக் கொண்டுவரட்டும் என்றார் பெரியவர்.

எந்த நாளில் வரலாம் என்று கேட்டேன். "அஷ்டமி, நவமி பார்த்து வா." எந்த நல்ல காரியத்துக்கும் நம் வீடுகளில் தள்ளிவைக்கும் நாட்கள்! காரணம் நேரானது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும். பாதி நிலவு நாட்களில் இரண்டின் இழுப்பும் குறுக்காகிவிடுவதால் தண்ணீர் மந்தமாக நகரும். கற்றுக்குட்டிக்கு அதுவே நல்ல நேரம். அன்றிலிருந்து நாள்காட்டியில் நான் முதலில் தேடுவது திதியைத்தான்.

மீனும் மாறியது. ஓர் அஷ்டமி காலையில் உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டி ஓட்டத்தோடு விட்டேன். தண்ணீர் ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் கோல் வளைந்தது. கயாக்கையே பக்கவாட்டில் இழுத்தது ஒரு கொடுவா. தாவித் தலையை உலுக்கியபோது வெள்ளித் தகடு போல அதன் வயிறு ஒருமுறை தெரிந்தது. அடுத்த நொடி தூண்டில் நரம்பு தொய்ந்துவிட்டது. சுற்றி எடுத்துப் பார்த்தேன்: முனை பஞ்சு போலப் பிரிந்திருந்தது. அடியில் காக்கா ஆழி. தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து இந்தக் கழிமுகத்தின் அடித்தளத்தைப் படுக்கை போல மூடியிருக்கும் சிப்பி அது. அதன் விளிம்பில் உரசினால் நரம்பும் போகும், கால் வைத்தால் பாதமும் கிழியும். ரப்பர் செருப்பு இங்கே உதவாது, கெட்டி அடி வைத்த ஷூ வேண்டும். கொக்கிக்கு அருகே தடித்த முன்நரம்பு கட்டிய பிறகு கிடைத்த அடுத்த கொடுவாவை செவுளில் விரல் கொடுத்துத் தூக்கப் போனேன். "கையை எடு!" என்று கத்தினார் பெரியவர். அதன் செவுள் மூடியின் ஓரம் பிளேடு.

மேலேயும் பார்க்க வேண்டும். கழிமுகத்தின் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன. நம் கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கம்பிகளுக்கு அடியில் போகும்போது கோல்களைப் படுக்க வைத்துவிடுங்கள், எறியவே எறியாதீர்கள்.

இந்தக் கழிமுகத்தைப் பற்றி எழுதும்போது மீனை மட்டும் எழுத என்னால் முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் துடுப்பை ஊன்றினால், சேறு கறுப்பாக வராமல் சிமெண்ட் நிறத்தில் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இங்கே பரவியது. குப்பத்து மக்கள்தான் வாளியும் கையுமாக இறங்கி அள்ளினார்கள். விளையாட்டுக்காகத் தண்ணீரில் இறங்குகிற நம்மைப் போன்றவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகக் கூடாது.

மறுபடி கடலுக்கு வருகிறேன். பிப்ரவரியில் ஒருநாள் பெரியவரே போன் செய்தார்: "நாளைக்கு வா." அன்று அவர் விட்ட மணல் காலடியிலேயே நேராக விழுந்தது. அலைகள் கூட்டமாக வரும், கடைசிப் பெரிய அலை உடைந்ததும் ஓர் இடைவெளி கிடைக்கும், அதில் புறப்படு என்றார். நான்கு கூட்டம் பார்த்துக்கொண்டே நின்றோம். "இப்போது!" அணியத்தை, அதாவது முன்முனையை, அலைக்கு நேராக வைத்து, நிறுத்தாமல் துடுப்புப் போட்டேன். முதல் அலை மார்பில் அறைந்தது. தட்டில் ஏறிய தண்ணீர் துளைகள் வழியே களக்கென்று இறங்கியது. இரண்டாவது அலையின் மேல் கயாக் நிமிர்ந்து, மறுபுறம் சொத்தென்று விழுந்தது. அதற்கப்பால் அமைதி.

விடிகாலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். முகத்தில் படாமல் முதுகில் படுவதால் அது வீசுவதே தெரியாது. ஆனால் நம்மை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கட்டுமரக்காரர்கள் அந்தக் காற்றில் போய், வெயில் ஏறியபின் எழும் கடற்காற்றில் திரும்பியவர்கள். பாய் இல்லாத எனக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அரை கிலோமீட்டருக்குள் நங்கூரம் போட்டேன். குப்பத்துத் தண்ணீர்த்தொட்டியும் அதன் பின்னால் தெரியும் ஒரு பனைமரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டேன். கோடு கலைந்தால் நங்கூரம் நழுவுகிறது என்று பொருள். துறைமுகத்துக்குக் கப்பல் வரும் பக்கம் போகவே இல்லை. விசிலும், நீர் புகாத பையில் போனும் சட்டையோடு கட்டியிருந்தேன். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 அதில் பதிந்திருந்தது.

மணல் தரையில் கிழங்கான் மீன் கடிப்பது, கதவை விரல் நுனியால் தட்டுவது போல இருக்கும். ஒன்பது கிழங்கானும் ஒரு சிறிய பாறை மீனும் கிடைத்தன. ஒன்பது மணிக்குத் தென்கிழக்கில் தண்ணீரின் நிறம் கருத்தது. கடற்காற்று. நங்கூரத்தை எடுத்தேன்.

திரும்புவது போவதைவிடக் கடினம். பின்னால் வரும் அலை அமரத்தை, அதாவது பின்முனையை, தூக்கி, கயாக்கைக் குறுக்காகத் திருப்பிக் கவிழ்த்துவிடும். அலைக்கு முன்னால் ஓடாதே, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார். ஓர் அலையை முன்னே போகவிட்டு, அதன் முதுகின் மேலேயே வந்தேன். மணலில் அடி உரசியபோது கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பெரியவர் கயாக்கைச் சுற்றி வந்தார். தட்டின் துளை ஒன்றில் விரலை விட்டு, அடியில் எட்டிப் பார்த்தார். "கட்டுமரத்திலும் இப்படித்தான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே தண்ணீர் வரும், போகும்" என்றார். பைபர் படகு வந்தபின் அவர் கட்டுமரத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது. துடுப்பைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார், நான் விடவில்லை. போட்டுக்கொண்டார். இருக்கையில் உட்காராமல், தட்டின் நடுவே முழங்காலிட்டு, ஒரு கூட்டம் அலை உடைவதற்குக் காத்திருந்தார். பிறகு நான் பத்து முறை போட்ட துடுப்பை நான்கே முறை போட்டு அலைகளைத் தாண்டிவிட்டார். அவர் சட்டையின் தோள்பட்டை நனையக்கூட இல்லை.