வெட்டுப்புள்ளி வரும்வரை: பொதுச் சுகாதாரப் பாடக் குறிப்பேடு

ஜூன் 3

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடலாம். இணையவழியில் எத்தனை பொதுச் சுகாதாரச் சான்றிதழ் வாங்கினாலும், இலங்கையின் அரச மருத்துவ பீடத்துக்குள் நுழைய அது உதவாது. அங்கே இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றைப் பாடங்களுக்கிடையே ஒப்பிடும்படி மாற்றிய புள்ளி, மட்டும்தான் கணக்கு: இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 மாவட்டப்படி, மீதி 5 நுவரெலியா, பதுளை போன்ற கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே மறுபடி உயர்தரச் சோதனை எழுதப்போகிறவர் இந்தப் பக்கம் வராமல் பழைய வினாத்தாளோடு இருப்பதே நல்லது. பெறுபேறு கையில் இருந்து, வெட்டுப்புள்ளிக்காக (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி) காத்திருப்பவருக்குத்தான் இது.

அவருக்கு லாபம் வேறு இடத்தில். உயர்தரத்தைத் தமிழில் முடித்தவருக்கு மருத்துவ பீடத்தில் எல்லாமே ஆங்கிலம். இன்சிடன்ஸ் (புதிதாக நோய் வரும் வீதம்), பிரிவலன்ஸ் (ஒரு நேரத்தில் நோயோடு இருப்பவர் பங்கு), கன்பவுண்டிங் (வேறொரு காரணி கலந்து குழப்புவது) என்ற சொற்கள் இப்போதே காதில் விழுந்து பழகினால், சமூக மருத்துவப் பாடம் தொடங்கும்போது பாதிப் பயம் போய்விடும்.

ஜூன் 5

எதில் தொடங்குவது? எபிடெமியாலஜியில், அதாவது நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் துறையில். 'உலக சுகாதாரம்' என்ற பொதுத் தலைப்புள்ள பாடங்கள் கேட்க இதமாக இருக்கும், பிறகு கையில் ஒன்றும் தங்காது. கோர்செரா என்ற இணையப் பாடத் தளத்தில், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் அடிப்படை எபிடெமியாலஜிப் பாடம் தொடக்கத்துக்குப் பொருத்தம். எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலை) பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக முதல் பட்டம் வேண்டும். இப்போது அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கணக்குத் திறக்கும்போது பெயரைத் தேசிய அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். இனிஷலை முன்னாலும் பின்னாலும் மாற்றிப் போட்டால், சான்றிதழும் அட்டையும் இரண்டு ஆட்களாகிவிடும்.

ஜூன் 9

தென்மேற்குப் பருவக்காற்றில் சிக்னலும் மின்சாரமும் ஒன்றாகப் போகும். விரிவுரையை ஓடவிட்டுப் பார்க்காமல், டவுனுக்குப் போகிற நாளில் ஒரு வாரத்துக்கு உரியதைக் குறைந்த தரத்தில் இறக்கி வையுங்கள். எழுத்து வடிவத்தையும் சேர்த்து இறக்கினால் உச்சரிப்புப் புரியாத இடத்தில் கைகொடுக்கும். வினாத்தாளின் விடைகளை முதலில் கொப்பியில் எழுதிவிட்டுப் பிறகு திரையில் குறியுங்கள். லைன் பாதியில் அறுந்தாலும் விடை கொப்பியில் இருக்கும்.

ஜூன் 14

பாடத்தின் இருதயம் நான்கு கட்ட அட்டவணை: ஒரு பக்கம் இரண்டு வகைத் தண்ணீர் குடித்தவர்கள், மறுபக்கம் நோய் வந்தவர், வராதவர். விரிவுரையில் லண்டன் பிராட் தெருப் பம்பும், அதன் தண்ணீரால் பரவிய 1854இன் கொலராவும் வரும். அதை நம் மலைநாட்டுப் பீலிக்கு (ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம்) கொண்டுவந்து, கற்பனை எண்களோடு ஒரு பயிற்சி: பீலித் தண்ணீர் குடித்த 120 பேரில் 18 பேருக்கு வயிற்றோட்டம், குழாய்த் தண்ணீர் குடித்த 120 பேரில் 6 பேருக்கு. வீதம் 15 சதவீதமும் 5 சதவீதமும். ஒன்றை மற்றதால் வகுத்தால் ரிலேட்டிவ் ரிஸ்க் 3. நோய் வந்தவர், வராதவர் விகிதங்களை ஒப்பிடும் ஆட்ஸ் ரேஷியோவுக்குக் குறுக்கே பெருக்க வேண்டும் (நோய் வராதவர்கள் பீலியில் 102, குழாயில் 114): 18 × 114 = 2052, 102 × 6 = 612, வகுத்தால் 3.35.

இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான் இங்கே விழுகிறார்கள். நோய் அரிதாக இருந்தால் இரண்டும் நெருங்கி நிற்கும்; பரவலாக இருந்தால் ஆட்ஸ் ரேஷியோ வீங்கும். டிஸ்பென்சரிக்கு வந்த நோயாளிகளையும் ஒப்பிட ஆரோக்கியமான சிலரையும் மட்டும் எடுத்தால், மொத்தம் எத்தனை பேர் குடித்தார்கள் என்பது தெரியாது. அப்போது ஆட்ஸ் ரேஷியோதான் வழி.

எந்தச் சூத்திரமும் காட்டாத சிக்கல் ஒன்று உண்டு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) குழாய்த் தண்ணீர் குடிப்பவர் கொழுந்து பறிக்கும் மலையில் பீலியில் வாய் வைப்பார், பிள்ளை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) வேறு தண்ணீர் குடிக்கும். "வீட்டில் என்ன தண்ணீர்?" என்று மட்டும் கேட்டால் ஆட்கள் தவறான கட்டத்தில் விழுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கலந்தால் 3 என்பது 1ஐ நோக்கிச் சுருங்கும். பீலி குற்றமற்றதாகத் தெரியும்.

ஜூன் 16

நேரலை வகுப்பு அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 7 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4:30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 5:30.

ஜூன் 22

உள்ளூர் எண்களுக்கு, சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. சிகிச்சை தரும் வைத்தியர் எச் 544 படிவத்தில் எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு அறிவிப்பார், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்குப் போய் விசாரிப்பார்; பிறகு எச் 399 வாராந்தத் திரட்டாகக் கொழும்புக்குப் போகும். அட்டவணையில் ஏ நிரல் அந்த வாரத்து எண், பி நிரல் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டியது. பி பெரிதாக இருப்பதைப் பார்த்து 'எலிக்காய்ச்சல் வெடித்துவிட்டது' என்று எழுதுவது வழக்கமான பிழை. படிவங்கள் நேரத்துக்கும் முழுமையாகவும் வந்தனவா என்று காட்டும் டி, சி நிரல்களைப் பார்த்த பிறகே ஏயை நம்புங்கள். கொழும்பையும் நுவரெலியாவையும் ஒப்பிடுவதானால், சனத்தொகையால் வகுக்காத எண்ணுக்குப் பொருளில்லை.

ஜூன் 29

ஸ்கிரீனிங் பாடம், அதாவது அறிகுறி இல்லாதவர்களையும் சோதித்து நோயைத் தேடுவது. 1000 பேர், நோய் 2 சதவீதம், சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவரைப் பிடிக்கும் சதவீதம்) 90, ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரைச் சரியாக விடும் சதவீதம்) 95. உண்மை நோயாளிகள் 20 பேரில் 18 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 980 பேரில் 49 பேரும் 'பாசிட்டிவ்' ஆவார்கள். 67 பாசிட்டிவில் 18, அதாவது 27 சதவீதம்தான் மெய். நோய் 20 சதவீதமாக இருந்தால் அதே சோதனையில் 220க்கு 180, ஏறத்தாழ 82 சதவீதம். சோதனை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். இதைச் சூத்திரமாகப் பாடமாக்காமல், 1000 பேரை வைத்துப் பென்சிலால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.