வளைந்த கிளிப்பை மாடலாக மாற்ற நான் பட்ட பாடு

0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையில் செய்த ஸ்பிரிங் கிளிப் அது. மூடியை மாட்டினால் அதன் நாக்கு 2 மி.மீ. போல அழுந்தும். அப்போது அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். அசெம்பிளியில் கிளிப்பை அழுந்தாத நிலையிலேயே வைத்தால் அது மூடிக்குள் குத்திக்கொண்டு நிற்கும். பாகம் எப்படி வளையும் என்று கணினியில் கணக்கிடும் அனாலிசிஸில் வளைந்த வடிவமே ஒரு பார்ட்டாகக் (தனி 3டி மாடலாக) கையில் இருந்தால்தான் கிளியரன்ஸ், அதாவது இடைவெளி, தெரியும்.

அனாலிசிஸை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தோம். வளைந்த வடிவத்தையும் அனுப்பச் சொன்னதற்கு ஒரு எஸ்.டி.எல். ஃபைல் (மேற்பரப்பை முக்கோணங்களாக மட்டும் வைத்திருக்கும் 3டி ஃபைல்) வந்தது. அதை உள்ளே வைத்தால் நாக்கு போர்டைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது! ஹவுசிங்கை (வெளிக்கூட்டை) வார்க்கும் அச்சைத் திருத்தலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது. எனக்கு மனம் ஒப்பவில்லை, அளந்து பார்த்தேன். அவர்களுடைய ரிப்போர்ட்டிலேயே அதிகபட்ச நகர்வு 2.1 மி.மீ. ஃபைலிலோ நுனி 6 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று மென்பொருள் திரையில் பெரிதாக்கிக் காட்டும் வளைவை அப்படியே ஏற்றுமதி செய்து அனுப்பிவிட்டார்கள். போன் செய்து கேட்டால், "படத்துல இருக்கறதைத்தானே சார் கேட்டீங்க" என்கிறார்கள். அச்சில் கை வைத்திருந்தால் அந்தச் செலவுக்கு யார் பொறுப்பு?

எஸ்.டி.எல்.லில் அலகும் இருக்காது, வளைவை எத்தனை மடங்கு பெருக்கினார்கள் என்ற குறிப்பும் இருக்காது. அதனால் வெளியே கேட்கும்போது "ஸ்கேல் 1, மி.மீ." என்று எழுத்திலேயே கேளுங்கள். வந்ததும் நுனியின் நகர்வை ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் ஃப்ரீகேட் என்ற இலவச 3டி வடிவமைப்பு மென்பொருளில் நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். மெஷ் (பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை), கால்குலிக்ஸ் (கணக்குப் போடும் நிரல்) எல்லாம் சிக்கலில்லாமல் ஓடின. ஒன்று மட்டும் முக்கியம்: இப்படி நன்றாக வளையும் பாகத்துக்கு ஜியோமெட்ரிக் நான்லீனியர் (வளைய வளைய மாறும் வடிவத்தையும் கணக்கில் எடுக்கும்) அமைப்பைப் போட்டே ஓட்ட வேண்டும். லீனியரில் நுனி வில்லாக வளையாமல் நேராகக் கீழே இறங்கும், அதனால் கிளிப்பின் கை நீண்டுவிடும். ஸ்ட்ரெஸ் படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது உறைக்காது. வடிவமே வேண்டும் என்கிறபோது அதுதான் தவறாகிவிடும்.

ஃபெம் (அனாலிசிஸுக்கான) மெஷ்ஷையும் ரிசல்ட்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து சாதாரண முக்கோண மெஷ்ஷாக மாற்றினால் வளைந்த மேற்பரப்பு கிடைக்கும். அதை ஷேப்பாக்கி சாலிடாக்கவும் (உள்ளே நிறைந்த திட மாடலாக்கவும்) வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் தனி முகமாகிவிடுவதால் ஃபைல் கனத்துப்போகிறது. ஃபில்லெட் போட (விளிம்பை வளைவாக்க) முடியவில்லை, அசெம்பிளியைச் சுழற்றினாலே திணறுகிறது. முகங்களைச் சேர்க்கும் 'ரிஃபைன் ஷேப்' கட்டளையும் இந்த முக்கோணங்களில் ஒரே தளத்தில் உள்ளவற்றைத்தான் சேர்க்கும். வளைந்த கையில் அப்படித் தட்டையான இடம் ஏது?

சாலிட்வொர்க்ஸ் சிமுலேஷன் வைத்திருப்பவர்களுக்கு, வளைந்த வடிவத்தைப் புதிய பார்ட்டாகவோ கான்ஃபிகரேஷனாகவோ சேமிக்கும் வசதி ரிசல்ட்ஸ் ஃபோல்டரிலேயே உண்டு. அபாகஸ் என்ற அனாலிசிஸ் மென்பொருளில் ஓ.டி.பி. என்கிற ரிசல்ட் ஃபைலிலிருந்து வளைந்த நிலையையே பார்ட்டாக இம்போர்ட் செய்யலாம், வருவது மெஷ்தான்.

எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. வளைந்த மெஷ்ஷை நடுத்தளத்தில் வெட்டி, கிடைத்த கோட்டின் மேல் ஸ்கெட்சில் பி-ஸ்ப்லைன் (வழுவழுப்பான வளைகோடு) வரைந்தேன். 0.8 மி.மீ. தள்ளி இணைகோடு (ஆஃப்செட்) கொடுத்து, பட்டையின் அகலத்துக்கு பேட் செய்தேன், அதாவது இழுத்துத் திடமாக்கினேன். வழுவழுப்பான சாலிட், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய முகங்கள். இன்ஸ்பெக்‌ஷன் வொர்க்பெஞ்சில் மெஷ்ஷோடு ஒப்பிட்டால் விலகல் மி.மீ.யில் நூறில் சில பங்குதான். வளையாத கிளிப்பின் கன அளவோடும் சரிபார்த்தேன், பொருந்தியது. பட்டை போலச் சீரான தடிமன் உள்ள பாகங்களுக்கு இதைத் தாராளமாகச் செய்யலாம். ரப்பர் கேஸ்கெட் போல எல்லாப் பக்கமும் பிதுங்குவதற்கு இது ஒத்துவராது.

ஸ்டெப் ஃபைலாக்கி (வெவ்வேறு கேட் மென்பொருள்களும் படிக்கும் வடிவம்) அசெம்பிளியில் வைத்தேன். நாக்குக்கும் போர்டுக்கும் நடுவே 0.7 மி.மீ. இடைவெளி இருந்தது. அச்சைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

இந்த மாடலுக்கும் மூல கிளிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூலத்தில் ரேடியஸை மாற்றினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் ஃபைல் பெயரிலேயே மூலத்தின் ரிவிஷனையும் அழுந்திய அளவையும் போட்டு வைத்திருக்கிறேன். இன்னொன்று, இது வெறும் வடிவம்தான். உள்ளே ஸ்ட்ரெஸ் கிடையாது. இதன் மேல் இன்னொரு அனாலிசிஸ் ஓட்டினால் கிளிப் அழுத்தமே இல்லாமல் இருப்பதாகத்தான் கணக்குத் தொடங்கும்.