இன்று ஊற்றியது: கென்டக்கி நவம்பர்

3 நவம்பர் 2024, ஞாயிறு

நேற்று ராத்திரியோடு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. இனி கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இருட்டியதும் சின்சினாட்டியிலிருந்து போன் வரும். “மாப்ள, இன்னைக்கு என்ன ஊத்துற?” தூத்துக்குடிக்காரன், என்னோடு காலேஜில் படித்தவன். வழக்கமாக அவன் கையிலும் ஒரு கிளாஸ் இருக்கும். இந்த வாரம் கந்த சஷ்டி விரதம் என்பதால் கேட்பதோடு சரி. “நீ குடி, நான் கேட்டுக்கிறேன். சூரசம்ஹாரம் முடியட்டும், நேர்லயே வர்றேன்” என்றான்.

இன்று வைல்டு டர்க்கி 101, பர்பன் என்கிற அமெரிக்க விஸ்கி. தண்ணீர், ஐஸ் எதுவும் சேர்க்கவில்லை. மூக்கில் வெனிலாவும் கருப்பட்டியும், நாக்கில் இறங்கியதும் பட்டையும் மிளகும். விழுங்கிய பிறகு நெஞ்சில் ஒரு சூடு பரவும். இங்கே அதற்குக் கென்டக்கி அணைப்பு என்று பெயர்.

நண்பன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. “எல்லாரும் மக்காச்சோளத்தைத்தான் போடுறான், எல்லாரும் புது ஓக் மரப் பீப்பாயிலதான் ஊத்தி வைக்கிறான். அப்புறம் எங்கேர்ந்துடா இவ்வளவு ருசி வித்தியாசம் வருது?”

கேட்கக் காரணம் இருக்கிறது. பர்பனுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் அவ்வளவு சின்னது. அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் செய்யலாம், கென்டக்கிதான் என்று இல்லை. ஆனால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடிக்கும்போது 160 புரூஃபைத் தாண்டக்கூடாது, பீப்பாயில் இறக்கும்போது 125-ஐத் தாண்டக்கூடாது, பாட்டிலில் 80-க்குக் குறையக்கூடாது. (புரூஃபில் பாதிதான் ஆல்கஹால் சதவீதம்.) பீப்பாய் புதியதாக, உள்ளே தீயில் கருக்கிய ஓக்காக இருக்க வேண்டும். நிறத்துக்கோ மணத்துக்கோ இனிப்புக்கோ எதுவும் சேர்க்கக்கூடாது. பிறகு சேர்ப்பது தண்ணீர் மட்டும்.

ஆக, கேள்விக்குப் பதில் கிளாஸில்தான் தேட வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க, ஒரே ஒரு விஷயம் மட்டும் மாறுகிற பாட்டில்களை ஜோடி ஜோடியாக எடுத்து வைக்கிறேன்.

5 நவம்பர், செவ்வாய்

தேர்தல் நாள். ஊரில் பேச்செல்லாம் அதுதான். பர்பனின் சொந்த ஊரான கென்டக்கியில் 2013 வரைக்கும் ஓட்டுப் போடும் நேரத்தில் மதுக்கடை திறக்கத் தடை இருந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

ஜோடி: எலைஜா கிரெய்க், லார்சனி. இரண்டும் ஹெவன் ஹில் தயாரிப்பு. முதலாவதில் 78 சதவீதம் மக்காச்சோளம், 10 ரை (கோதுமைக்கு உறவான ஒரு தானியம்), 12 பார்லி. இரண்டாவதில் 68 மக்காச்சோளம், ரைக்குப் பதிலாக 20 கோதுமை, அதே 12 பார்லி. காரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 94 புரூஃபும் 92 புரூஃபும்.

மூக்கிலேயே பிரிந்துவிட்டது. எலைஜா கிரெய்க்கில் ஓக் முன்னால் வந்து நிற்கிறது, பின்னாலேயே ஜாதிக்காய், கொஞ்சம் புதினா. லார்சனியில் அந்த மசாலா எதுவும் இல்லை. வெண்ணெய் தடவிய ரொட்டி, தேன். வாயில் உருண்டு போகிறது. ரையைக் கொஞ்சமாகப் போட்டாலே அதன் குரல் கேட்கிறது. கோதுமைக்கு அப்படிக் குரல் இல்லை, அது மக்காச்சோளத்தையும் மரத்தையும் பேச விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மேக்கர்ஸ் மார்க், வெல்லர் எல்லாம் இந்தக் கோதுமை வழிதான்.

எனக்குக் குளிர்காலத்தில் ரைதான் வேண்டும். கோதுமை இன்னொருவர் கூட இருந்து பேசிக்கொண்டு குடிப்பதற்கு.

7 நவம்பர், வியாழன்

இன்று வேறு எதுவும் திறக்கத் தோன்றவில்லை. இவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், பாட்டில்ட் இன் பாண்ட், 100 புரூஃப்.

1996-இல் இதே நவம்பர் 7-ஆம் தேதி மதியம் பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில்லின் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. பலத்த காற்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஏழு கிடங்குகள் போயின. வடிக்கும் ஆலையும் போயிற்று. ஏறக்குறைய 90,000 பீப்பாய் விஸ்கி. பீப்பாய்கள் வெடித்து, விஸ்கி எரிந்துகொண்டே சரிவில் இறங்கி ஓடைக்குள் போனது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றே ஆறுதல். பக்கத்து வீட்டுப் பெரியவர் பீப்பாய்ப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைய இரவைப் பற்றிக் கேட்டால் இப்போதும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

போட்டிக் கம்பெனிகள் உதவிக்கு வந்தன. ஜிம் பீமும் பிரவுன் ஃபார்மனும் தங்கள் ஆலைகளில் ஹெவன் ஹில்லுக்காக வடித்துக் கொடுத்தன. 1999-இல் லூயிவில்லில் இருந்த பெர்ன்ஹைம் ஆலையை ஹெவன் ஹில் வாங்கியது.

இந்தக் கதை முழுவதும் என் கையில் இருக்கும் பாட்டிலின் லேபிளில் இருக்கிறது. எங்கே வடித்தது என்ற இடத்தில் டிஎஸ்பி-கேஒய்-1 என்று போட்டிருக்கிறது. அது பெர்ன்ஹைமின் எண். எரிந்துபோன பார்ட்ஸ்டவுன் ஆலையின் எண் 31. அந்தச் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை, படித்தால் தீ தெரியும்.

எண் போட வைத்தது 1897-ஆம் ஆண்டின் பாட்டில்ட் இன் பாண்ட் சட்டம். அந்தக் காலத்தில் மலிவான சாராயத்தில் புகையிலை, அயோடின் என்று கண்டதையும் கலந்து நிறமேற்றி விஸ்கி என்று விற்றார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் விஸ்கி வடித்துவந்த கர்னல் எட்மண்ட் ஹேய்ன்ஸ் டெய்லர், கருவூலச் செயலர் ஜான் கார்லைல் போன்றவர்கள் முயன்று இதைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்திருக்க வேண்டும். அரசு மேற்பார்வையில் நாலு வருஷமாவது கிடங்கில் இருக்க வேண்டும். சரியாக 100 புரூஃப். உணவுக் கலப்படச் சட்டம் வந்தது 1906-இல்தான். அதற்கும் முன்பே விஸ்கி குடிப்பவனுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது!

இருபது டாலருக்குள் கிடைக்கிற பாட்டில். வேர்க்கடலை, கேரமல், கடைசியில் சுள்ளென்று ஒரு காரம். இதைவிட நேர்மையான விலை இந்த மாநிலத்தில் வேறு எதற்கும் இல்லை.

8 நவம்பர், வெள்ளி

திருச்செந்தூரில் இன்று திருக்கல்யாணம். நண்பன் விரதம் முடித்துவிட்டான். நாளை காலையில் கிளம்பி வருகிறான். வெள்ளிக்கிழமை என்பதால் நானும் ஊற்றவில்லை.

9 நவம்பர், சனி

லாரன்ஸ்பர்க் போய் வந்தோம். என் மனைவி கார் ஓட்டினாள், அதனால் நாங்கள் இருவரும் நிம்மதியாகச் சுவை பார்த்தோம்.

ஃபோர் ரோஸஸ் ஆலையைப் பார்த்ததும் நண்பன் “இது என்ன மெக்சிகோ சர்ச் மாதிரி?” என்றான். மஞ்சள் பூச்சு, வளைவுகள், ஸ்பானிய பாணிக் கட்டடம். உள்ளே நடப்பது இன்னும் விசேஷம். இரண்டு தானியக் கலவை, ஐந்து ஈஸ்ட், ஆக பத்து விதமான விஸ்கி. ஒவ்வொன்றுக்கும் நாலெழுத்துப் பெயர். ஓபிஎஸ்வி என்றால் பி கலவை, வி ஈஸ்ட். பி-யில் ரை 35 சதவீதம், இ-யில் 20. சீகிராம் கம்பெனி கென்டக்கியில் பல ஆலைகள் வைத்திருந்தது, ஆலைக்கொரு ஈஸ்ட். ஆலைகள் மூடப்பட்டபோது ஈஸ்ட்கள் இங்கே வந்து சேர்ந்தன.

இத்தனை இருந்தும் 1950-களின் கடைசியில் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் ஃபோர் ரோஸஸ் பர்பன் கிடையாது. பர்பன் எல்லாம் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது, உள்ளூரில் அதே பெயரில் மட்டமான கலப்பு விஸ்கியை விற்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றுகூட அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பது இதனால்தான். 2002-இல் ஜப்பானின் கிரின் வாங்கிய பிறகுதான் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தது.

இரவு ஜோடி: ஃபோர் ரோஸஸின் 100 புரூஃப் சிங்கிள் பேரல், அதாவது ஒரே பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு வந்தது. அது ஓபிஎஸ்வி. கூடவே ஒரு கடைக்காரர் தனக்கென்று தேர்ந்தெடுத்து வாங்கிய ஓபிஎஸ்கியூ பீப்பாய். தானியம் ஒன்றே, ஈஸ்ட் மட்டும் வேறு. கியூ பாட்டில் தண்ணீர் சேர்க்காதது, காரம் அதிகம். அதனால் 100-க்கு அருகில் கொண்டுவர டிராப்பரால் தண்ணீர் விட்டேன். ஒவ்வொரு சொட்டும் விழும்போது விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய்க் கோடுகள் நெளிந்து நெளிந்து இறங்கிக் கரைந்தன. கரைந்த பிறகு முகர்ந்தால் ரோஜா. நண்பன் கிளாஸை வைத்துவிட்டு மறுபடி எடுத்தான். “டேய், இதுல பன்னீர் ஊத்திருக்கானாடா?” யாரும் ஊற்றவில்லை. ஈஸ்ட் செய்த வேலை. பக்கத்தில் இருந்த வி கிளாஸில் பேரிக்காயும் செர்ரியும்தான், பூ இல்லை.

இவ்வளவு நாள் பர்பன் குடித்துவிட்டு ஈஸ்ட் என்றால் நுரைக்க வைக்கிற சமாசாரம் என்று நினைத்திருந்தானாம் அவன். தானியத்தையும் பீப்பாயையும் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஈஸ்டைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும்.

10 நவம்பர், ஞாயிறு

நண்பன் மதியம் கிளம்பினான். கிளம்பும் முன் பெரியவர் ஒரு மரத்துண்டு கொண்டுவந்து காட்டினார். விஸ்கி இருந்து காலியான பீப்பாயின் பலகை, குறுக்கே அறுத்தது. ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான கனம். உட்பக்கம் கரி முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. முதலை என்றுதான் இவர்களும் சொல்கிறார்கள், நாலாம் எண் கருக்கல். ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளே தீயை விட்டால் இப்படி வருமாம். கரிக்கு அடியில் சிவப்பாக ஒரு பட்டை, மரத்தின் சர்க்கரை சூட்டில் கேரமல் ஆன இடம். அதற்கும் அப்பால், விஸ்கி எவ்வளவு தூரம் உள்ளே போய்த் திரும்பியது என்பதற்கு அடையாளமாக ஒரு கறைக்கோடு. அதற்குப் பிறகு வெளிறிய மரம். நகத்தால் கீறி முகர்ந்தேன், இன்னும் வெனிலா வாசனை இருக்கிறது.

ஆணி கிடையாது, பசை கிடையாது, இரும்பு வளையம் இறுக்கிப் பிடிப்பதுதான். கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் ஏறும், குளிரில் சுருங்கி வெளியே வரும். நிறம் முழுக்க இந்தப் போக்குவரத்தில் வந்தது.

ஒருமுறை பர்பன் வைத்த பீப்பாயில் மறுபடி பர்பன் வைக்க முடியாது, சட்டம் புதுசு கேட்கிறது. அதனால் பழையது ஸ்காட்லாந்துக்குப் போகிறது, மெக்சிகோவுக்குப் போகிறது, பெங்களூரு அம்ருத் ஆலைக்கும் வருகிறது. அம்ருத் குடித்தவர்கள் கென்டக்கி மரத்தையும் கொஞ்சம் குடித்திருக்கிறார்கள்.

இரவு ஓல்டு ஃபாரஸ்டர் 1920. 115 புரூஃப். தூங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

12 நவம்பர், செவ்வாய்

சாயங்காலம் ஒரு கடையில் பிளான்டன்ஸ். கம்பெனி விலையைப் போல மூன்று மடங்கு எழுதி ஒட்டி, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். நல்ல விஸ்கிதான். 1984-இல் விஸ்கி வடிப்பதில் கைதேர்ந்த எல்மர் டி. லீ இதைக் கொண்டுவந்தபோதுதான் ஒற்றைப் பீப்பாய் பர்பன் என்பது கடைக்கு வந்தது. மூடியில் குதிரை, எட்டு விதமான குதிரை, எட்டையும் சேர்த்தால் பெயரின் எழுத்துகள் வரும். இளைஞர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். திறந்தாலாவது பரவாயில்லை, திறக்க மாட்டார். விஸ்கியைப் பூட்டி வைத்து விலை ஏற்றுகிற இந்தப் பழக்கம் எனக்கு வேதனையாக இருக்கிறது. செய்தவர்கள் குடிக்கத்தான் செய்தார்கள்.

ஊற்றியது: ஓல்டு கிராண்ட்டாட் பாட்டில்ட் இன் பாண்ட். ரை 27 சதவீதம். ஆரஞ்சுத்தோல், மிளகு.

14 நவம்பர், வியாழன்

ஜோடி: வைல்டு டர்க்கி 101, ரேர் பிரீட். கலவை, ஈஸ்ட், கருக்கல் எல்லாம் ஒன்று. முதலாவது 101-க்கு இறக்கியது, மற்றது பீப்பாய்க் காரத்திலேயே பாட்டிலுக்கு வந்தது. தண்ணீர் குறையக் குறைய செர்ரியும் புகையிலை வாசனையும் கூடுகின்றன. ஆனால் இனிப்பு 101-இல்தான் தெளிவாகத் தெரிகிறது.

நண்பன் போனில் “கிடங்கு மாடி பத்தி சொல்லு” என்றான். லாரன்ஸ்பர்க்கில் வைல்டு டர்க்கி கிடங்குகள் மேட்டின் மேல் பல அடுக்கு உயரம். உச்சி மாடியில் கோடை வெயில் தகரத்தில் அடிக்கும். அங்கே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறும், வருஷம் ஏற ஏற புரூஃபும் ஏறும். கீழ்த்தளத்தில் எல்லாம் நிதானம். ஒரே நாளில் இறக்கிய இரண்டு பீப்பாய் பத்து வருஷம் கழித்து இரண்டு விஸ்கி. ஃபோர் ரோஸஸ்காரர்கள் இந்த வித்தியாசமே வேண்டாம் என்று ஒரு மாடிக் கிடங்கு கட்டினார்கள். ஜிம்மி ரஸ்ஸல் 1954-இல் வைல்டு டர்க்கியில் வேலைக்குச் சேர்ந்தவர். எழுபது வருஷமாக எந்த மாடி எப்படி மாறும் என்பது நாக்கில் இருக்கிற மனிதர். இன்றைய முதல் மிடறு அவருக்கு.

16 நவம்பர், சனி

நண்பன் மறுபடி வந்தான், பெரியவரும் வந்தார். என் மனைவி சமையலறையில் நாலு கிளாஸில் ஊற்றி, அடியில் எண் ஒட்டி எடுத்து வந்தாள். எலைஜா கிரெய்க், லார்சனி, இவான் வில்லியம்ஸ் வெள்ளை, ஃபோர் ரோஸஸ் கியூ. எது எதில் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

பெரியவர் நாலையும் முகர்ந்தார், குடிக்காமலே இரண்டாம் கிளாஸைத் தள்ளி வைத்து “கோதுமை” என்றார். சரி. நாலாவதை முதலிடத்தில் வைத்தார், எந்த ஆலை என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் கியூ. ஃபோர் ரோஸஸ் என்று சொன்னதும் நம்பவில்லை. பாட்டிலைக் கொண்டுவந்து லேபிளைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் படித்துவிட்டு, இன்னொரு அரை கிளாஸ் கேட்டார். அத்தனை வருஷத்துக் கோபம்!

நண்பனுக்கு முதலிடம் இவான் வில்லியம்ஸ். எனக்கு எலைஜா கிரெய்க், ஒரு மயிரிழையில். மூன்று பேரும் ஏன் என்று சொல்லிச் சொல்லி, பக்கோடா ஆறிப்போயிற்று. ரை வேண்டும் என்பவன், பூ வேண்டும் என்பவர், கடைசிக் காரம் வேண்டும் என்பவன், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரியவரிடம் எஃப் ஈஸ்ட் பாட்டில் ஒன்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். மூலிகை வாசனை வருமென்று சொல்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டில் திறப்பதாக முடிவாகியிருக்கிறது. பக்கோடா நம் பொறுப்பு.