இன்றிரவு எங்கே கட்டுவது?

காலையில் காப்பிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் எங்கள் முதல் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். சாயங்காலம் படகை எங்கே கட்டுவது என்பதுதான் விஷயம். கோடையில் இதைப் பற்றி மாலை ஆறு மணிக்குமேல் யோசித்தால் போதும், ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் பிற்பாதியில் ஏழு மணிக்குள் சூரியன் போய்விடுகிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஆறு மணிக்குள். அதனால் நாளைக் கடைசியிலிருந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது. முதலில் கட்டுமிடம், பிறகு அதற்கு முன்னால் எத்தனை எக்ளூஸ் (படகை ஏற்றி இறக்குகிற கதவுத்தொட்டி), பிறகுதான் எத்தனை மணிக்குக் கிளம்புவது.

படகு என்னுடையது இல்லை. தபால் பிரிப்பகத்தில் என்னோடு இரவு ஷிஃப்ட் பார்த்த ஒரு பிரெத்தோன்காரருடையது, பிரான்சின் மேற்குக் கோடியைச் சேர்ந்தவர். ஹாலந்தில் கட்டின பழைய இரும்புப் படகு. கோடை முழுக்க லுவார் ஆற்றோரம் தெசீஸில் கிடக்கும், குளிர்காலத்துக்கு ஒசேரில் இடம் பிடித்து வைத்திருக்கிறார். நடுவில் இருப்பது பிரான்சின் நிவெர்னே கால்வாய். அவர் மனைவிக்குக் குளிர் ஆகாது என்பதால் இலையுதிர் காலப் பயணத்துக்குத் துணை நான். என் மனைவிக்கும் குளிர் ஆகாதுதான், ஆனால் இரண்டு வாரம் நான் வீட்டில் இல்லாதது அவளுக்கு நன்றாக ஆகும்.

நிவெர்னேயின் நீளம் 174 கிலோமீட்டர். எக்ளூஸ்கள் 110-க்கும் மேல். எக்ளூஸ் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை விட்டோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்குவார்கள். வேலை தொடங்கியது 1784-இல், முழுதாகத் திறந்தது 1840-களின் தொடக்கத்தில். நடுவில் புரட்சி வந்துபோனது. மொர்வான் மலைக்காடுகளின் விறகைப் பாரிஸின் அடுப்புகளுக்குக் கொண்டுபோவதுதான் முதல் நோக்கம். 1879-இல் நாட்டின் முக்கிய நீர்வழிகளில் எக்ளூஸ்களை 38.5 மீட்டர் படகு புகும் அளவுக்கு மாற்றச் சட்டம் வந்தபோது, இந்தக் கால்வாயின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்காமல் விட்டுவிட்டார்கள். பெரிய சரக்குப் படகுகள் கடந்துபோக முடியவில்லை, வியாபாரம் செத்தது. இன்றைக்கு இங்கே இவ்வளவு அமைதி இருப்பதற்கு அந்தச் சிக்கனம்தான் காரணம் என்பது என் கட்சி. பிரெத்தோன்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார், அவருக்குச் சரக்குப் படகு என்றால் உயிர்.

பல இடங்களில் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் வேகம். முன்பு படகைக் கரையிலிருந்து இழுத்துப்போன இழுபாதையில் நாயோடு நடக்கிற கிழவர் நம்மைத் தாண்டிப் போய், திரும்பி வரும்போது மறுபடி வணக்கம் சொல்வார். மதியம் 12 மணிக்கு எக்ளூஸ்காரர் சாப்பிடப் போய்விடுவார், ஒரு மணிக்குத்தான் வருவார். 11.50-க்கு வந்து நின்று கெஞ்சுவதில் பயனில்லை. நவம்பர் தொடக்கத்தில் சீசன் முடிகிறது. அதன்பின் பராமரிப்புக்காகச் சில பகுதிகளில் தண்ணீரையே வடித்துவிடுவார்கள். அதற்குள் கால்வாய் ஏறி இறங்குகிற மலைமுகட்டைத் தாண்டாவிட்டால் வசந்தம் வரை படகு அங்கேயே.

இனி கட்டுமிடத்துக்கு வருகிறேன்.

படகுத்துறை இருக்கிற ஊரில் கட்டினால் என்ன என்று கேட்பீர்கள். வசதிதான். தண்ணீர்க் குழாய், கரண்ட் பெட்டி, சில இடங்களில் வெந்நீர்க் குளியல். ஆனால் அக்டோபர் முடியும்போது உறைபனிக்குப் பயந்து குழாயை அடைத்திருப்பார்கள். கரண்ட் பெட்டிக்குக் காசு மாதிரி வில்லை போட வேண்டிய ஊர் ஒன்றில் அந்த வில்லையை விற்கிற காப்பிக்கடை விடுமுறை மூடலில் இருந்தது. சீசனுக்கு வெளியே கட்டணம் வாங்கப் பல துறைகளில் ஆளே வரமாட்டார், அது ஒன்றுதான் லாபம். மூன்று நாளைக்கு ஒருமுறை துறையில் கட்டித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, மற்ற இரவுகளில் காட்டுக்கரையில் முளையடித்துக் கட்டுவதே எங்கள் வழக்கம்.

முளை என்றால் முளைதான், மாட்டைக் கட்டுகிற மாதிரி. இரும்பில், கைநீளத்துக்கு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் படகுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். நேராக அடித்தால் ஈரமண்ணில் இழுத்துக்கொண்டு வந்துவிடும். கரையில் மரம் இருக்கிறதே என்று அதில் கயிறு போடக்கூடாது, தடை. இழுபாதைக்குக் குறுக்கேயும் கயிறு போகக்கூடாது. இப்போது அது சைக்கிள் பாதை, இருட்டில் வருகிறவன் கழுத்து போய்விடும். முளைத்தலையில் நான் ஒரு மஞ்சள் துணி கட்டிவிடுவேன்.

அதற்கு முன்னால் கரை இடம் தர வேண்டும். பார்வைக்குப் புல்கரைதான், தண்ணீருக்கடியில் சரிந்துபோகும் கல். மூக்கை மட்டும் மெதுவாக உள்ளே விட்டு, கொக்கிக் கழியால் ஆழம் பார்ப்பேன். அடியில் கரகரவென்று சத்தம் வந்தால் பின்வாங்கி அடுத்த ஐம்பது மீட்டரில் மறுபடி. இரும்புத் தகடு இறக்கிய கரை கிடைத்தால் அதிர்ஷ்டம், சுவர்போல நேராக இறங்கும், ஒட்டிக்கொள்ளலாம். பழைய விறகுத் துறைகள் அதைவிட நல்லவை. ஊருக்கு வெளியே, கல் பாவிய விளிம்போடு, யாருக்கும் வேண்டாமல் கிடக்கும்.

எக்ளூஸுக்குப் பக்கத்தில் கட்டுவதை நான் எதிர்ப்பேன். பழைய கதவுகள் ராத்திரியெல்லாம் கசியும். இரண்டு எக்ளூஸுக்கு நடுவிலுள்ள தண்ணீர்த்துண்டு குட்டையாக இருந்தால் விடிவதற்குள் மட்டம் ஒரு சாண் இறங்கிவிடும். படகின் அடிப்பக்கம் கல்சரிவில் உட்கார்ந்துகொள்ள, எழுந்து பார்த்தால் பாத்திரத்தில் பால் ஒருபக்கமாகக் கூடியிருக்கும். நீண்ட துண்டின் நடுவில், கயிற்றைச் சற்றுத் தளர விட்டுக் கட்டினால் இந்த வம்பில்லை.

கோடைக்காரர்கள் நிழல் தேடுவார்கள். இந்தப் பருவத்தில் நான் தேடுவது கிழக்கே வெட்டவெளி. காலைப் பனிமூட்டம் பத்து மணிவரை கலையாது. கலைந்ததும் முதல் வெயில் நம் மேல் விழுந்தால்தான் ஜன்னலில் வழிகிற நீராவி காயும், கயிறு காயும், மனுஷனும் காய்வான். மரத்தடி என்றால் இரவு முழுக்கச் சொட்டும், தளமெல்லாம் இலைக்கறை. அதுவும் வால்நட் மரம்! இரும்புக் கூரைமேல் ஒவ்வொரு காயாக விழுகிற சத்தத்தில் யார் தூங்குவது? பிரெத்தோன்காரர் வேண்டுமென்றே வால்நட் மரத்தடியாகப் பார்த்துக் கட்டச் சொல்வார். அவர் காது மந்தம், காலையில் கூடை நிறைய இலவசம்.

“இங்கே சேறு, ஒட்டாது” என்பேன். “நேற்றும் இதைத்தான் சொன்னாய்” என்பார். மனைவியிடமிருந்து போன் வரும். “என்னங்க, கரண்ட் இருக்கிற இடமா இன்னிக்கு?” இல்லை என்றால், “அந்த மனுஷனுக்கு வேற வேலை இல்ல, உங்களுக்கும் இல்ல” என்று வைத்துவிடுவாள்.

முளையடித்துக் கட்டின இடத்தில் அக்கம்பக்கம் என்றால் வெள்ளை ஷரோலே மாடுகள்தான். வேலிவரை வந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும். சாயங்காலம் ரகோன்தேன் நீந்திப் போகும். பெருச்சாளியைப் பத்து மடங்காக்கினால் வருகிற உருப்படி, தென்னமெரிக்காவிலிருந்து ரோமத்துக்காகக் கொண்டுவந்து விட்டது. கரையைக் குடைந்து கால்வாயை ஒழுகவிடுவதில் அதற்குப் பெரிய பங்கு. ஞாயிற்றுக்கிழமையில் வேட்டைத் துப்பாக்கி கேட்கும். அன்று காளான் பொறுக்கப் போனால் ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயம் என்பது என் சொந்தச் சட்டம். பொறுக்கியதைச் சமைப்பதற்குமுன் ஊர் மருந்துக்கடையில் காட்டலாம், தெரிந்தவராக இருந்தால் நஞ்சானதைப் பிரித்துக் கொடுப்பார். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த வழக்கங்களில் ஒன்று. ரொட்டிதான் பெரும்பாடு. பல கிராமங்களில் பேக்கரியே இல்லை, இருந்தாலும் திங்கட்கிழமை மூடல். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் ரொட்டி விற்கிற எந்திரம் நின்றால் அந்த ஊரை நல்ல ஊர் என்று குறித்துக்கொள்வேன். முதல் நவம்பரை ஒட்டி எல்லாக் கடை வாசலிலும் தொட்டி தொட்டியாகச் சாமந்தி. கல்லறைக்கு வைப்பது. அழகாக இருக்கிறதே என்று யார் வீட்டுக்கும் வாங்கிப் போய்விடாதீர்கள்.

தெசீஸிலிருந்து ஷத்தியோன்-ஆன்-பசுவாவரை ஏற்றம் நிதானம். அங்கே கோட்டை மாளிகையைச் சுற்றிக் கால்வாய் வளைந்து போகிறது, பார்த்துவிட்டு நகர்ந்தோம். முகட்டில் பாய் ஏரி. கால்வாய்க்கும் ஏரிக்கும் நடுவே ஒரு கரைச்சுவர் மட்டும், அதன்மேல் நடந்துபோகலாம். பக்கத்து வோ ஏரியோடு சேர்ந்து கால்வாய்க்குத் தண்ணீர் ஊட்டுவதற்கென்றே இவை. காற்றடித்தால் தூங்கவிடாது, ஆனாலும் அங்கே ஓர் இரவு கட்டித்தான் ஆக வேண்டும். மறுநாள் காலை முதல் ஆளாகச் சுரங்கத்துக்குள் நுழைவதற்கு வேறு இடம் இல்லை.

லா கொலான்செல் சுரங்கங்கள் மூன்று. பெரியது 758 மீட்டர், ஒரே ஒரு படகுதான் போகும், பச்சை விளக்கு எரிந்தால் நுழையலாம். விளக்கொளியில் சுவரின் கசிவும் நம் எஞ்சின் புகையும் தெரியும், வெளிச்சம் ஒரு ரூபாய்க் காசளவு தூரத்தில். மூன்றுக்கும் நடுவில் இருபுறமும் செங்குத்தாக வெட்டிய பாறைப்பள்ளம், பெரணியும் பாசியுமாக. கட்ட அனுமதி இல்லை, கட்டவும் தோன்றாது. இந்தப் பள்ளத்தில் விழுகிற இலையெல்லாம் தண்ணீரிலேயே கிடக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் வடிகட்டியை மூன்றாவது சுரங்கம் தாண்டியதும் திறந்தால் ஒரு கைப்பிடிக் கஞ்சி. படகைத் தள்ளுகிற சுழல் இறக்கையில் இலை சுற்றிக்கொண்டால் சட்டென்று பின்கியர் போட்டு உதற வேண்டும், வேகம் தானாகத் திரும்பும்.

அடுத்தது சார்தி. மூன்று கிலோமீட்டர் சொச்சத்துக்குள் பதினாறு எக்ளூஸ், கையால் சுற்றித் திறப்பவை. எக்ளூஸ்காரர் நமக்கு முன்னால் ஸ்கூட்டரில் அடுத்ததற்கு ஓடுவார். ஒருபக்கக் கதவை நாம் சுற்றுவது மரியாதை. எங்களோடு வந்த எக்ளூஸ்காரர் கோடையில் இந்த வேலைக்கு வருகிற மாணவர்களைப் பற்றி நிறையக் குறை சொன்னார். கைவிடப்பட்ட எக்ளூஸ் வீடுகளில் சிலவற்றில் மண்பாண்டக்காரரும் ஓவியரும் குடியிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் நடுவில் நிற்பதைப் பற்றி நினைக்கவே கூடாது, எல்லாம் குட்டைத் துண்டுகள். இறங்கி முடித்ததும் முதல் நல்ல கரையில், வாக்குவாதமே இல்லாமல், கட்டிவிட்டோம். இரவு மிளகு ரசம் வைத்தேன். பிரெத்தோன்காரர் அதைக் குவளையில் வாங்கிக் குடித்தார்.

கிளாம்சியில் பாலத்தின்மேல் கட்டை மிதப்பவர் சிலை நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல் மொர்வான் விறகை ஓடைகளில் எறிந்து, இங்கே பிடித்து, சொந்தக்காரர் முத்திரை பார்த்துப் பிரித்து, 70 மீட்டருக்கு மேல் நீளமான தெப்பங்களாகப் பிணைத்து யோன் ஆற்று வழியாகப் பாரிஸுக்கு ஓட்டிப் போனார்கள். தண்ணீரில் நின்றே ஆயுள் கழித்த மனிதர்கள். புதுச்சேரியில் எங்கள் தெருவுக்கு அருகே ஓடுகிற பெரிய வாய்க்காலில் ஓர் ஓடம்கூட நான் பார்த்ததில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினதுதான். இதைச் சொன்னால் பிரெத்தோன்காரர் நம்பவில்லை.

கிளாம்சிக்குக் கீழே பஸ்வில்லில் கால்வாய் ஆற்றை அதே மட்டத்தில் குறுக்கே வெட்டிப் போகிறது. ஒருபக்கம் அணைக்கட்டு. மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் படகு பக்கவாட்டில் நகரும், மூக்கை மேலோட்டத்துப் பக்கம் திருப்பிவைத்துக் கடக்க வேண்டும். அதன்பின் வழி அடிக்கடி ஆற்றுக்குள்ளேயே போகிறது, கட்டும் கணக்கும் மாறிவிடுகிறது. கால்வாயில் மட்டம் இறங்குமே என்ற பயம். ஆற்றில் ஏறுமே என்ற பயம். அங்கே முளையை நான் நம்புவதில்லை, மிதவைத்துறையோ கல்துறையோ வேண்டும். சோசுவா பாறைகளில் ஏறுகிறவர்களைப் பார்க்க மெரி-சூர்-யோனில் நிற்கலாம் என்றேன். மழைமேகத்தைக் காட்டி மறுத்துவிட்டார், மெய்யி-லெ-ஷத்தோவரை ஓட்டினோம். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

வின்செலில் கட்டிப் பக்கத்து ஊர் இரான்சியின் சிவப்பு ஒயின் வாங்கினோம். 81-ஆம் எண் பத்தார்தோ எக்ளூஸைத் தாண்டினால் ஒசேர், எதிர்க்கரையில் கதீட்ரல். குளிர்கால இடத்தில் இரட்டைக் கயிறு போட்டு, தண்ணீர்க்குழாய்களைக் காலிசெய்து, எஞ்சினுக்கு உறைதடுப்பான் ஊற்றினோம். மெத்தைகளை நிமிர்த்தி வைத்தோம். அடுத்த அக்டோபருக்கும் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். விறகு அடுப்பின் புகைக்குழாயை மாற்றினால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். மாற்றிவிடுவதாகப் போன வருஷமும் சொன்னார், ஆகஸ்டில் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.