இரவுக்கு வேறு காசு, வழிக்கு வேறு காசு

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கங்களிலிருந்து பாங்கொக்குக்கும் பட்டாயாவுக்கும் போய்வரும் இளைஞர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் மச்சான் ஒருவர் தன் கலியாணத்துக்கு முன் உறவுப் பொடியன்களுடன் நான்கு நாட்களைக் கழிக்க விரும்பினால், இரு தரப்புக்கும் தோதான நாடாகத் தாய்லாந்து அமைந்துவிடுகிறது. 2024 ஜூலையில் 93 நாட்டவர் விசா இன்றி நுழைய அந்நாடு இடமளித்தபோது அந்தப் பட்டியலில் இலங்கையும் இருந்தது. இரவு விடுதிக்கும் நடனக் கூடத்துக்கும் போவது சரியா, பிழையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. போகிறவர்கள் தங்கள் காசை எப்படிக் கொண்டுபோக வேண்டும், அந்நியத் தெருவில் நடுச்சாமத்தில் காசு தேவைப்பட்டால் எப்படி எடுக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதில் இழக்கும் காசு, பெரும்பாலும் யாரோ ஒருவருடைய உழைப்பிலிருந்து மிச்சம் பிடித்து அனுப்பப்பட்ட காசு.

வன்னியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, இருப்பதை எல்லாம் உடம்போடு வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன காலத்தில், இடுப்பில் கட்டியதும் மடியில் முடிந்ததும் மட்டுமே கடைசிவரை கூட வந்தன. அக்காலத்துத் தமிழீழ வைப்பகம் என்ற வங்கியில் அடகுவைத்த நகைகள் உரியவர் கைக்குத் திரும்பாமலே ஆண்டுகள் கழிந்தன. அந்த அனுபவத்தின் பின், பெட்டியில் வைத்த காசை எங்கள் தாய்மார் நம்புவதில்லை. பிள்ளை பயணம் புறப்படும்போது "எல்லாத்தையும் உன்ரை உடம்போடை வைச்சிரு" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். ஓடித் தப்பும் பயணத்துக்கு அது மிகச் சரியான புத்தி. ஆனால் நெரிசலும் மங்கல் வெளிச்சமும் மதுவும் உள்ள இடத்துக்கு அதே புத்தியுடன் போனால், ஒரு இரவில் தவறக்கூடியது அந்த இரவின் காசாக மட்டும் இருக்காது, முழுப் பயணத்தின் காசாகவும் ஆகிவிடும். ஆகவே நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: இரவுக்குரிய காசையும் பயணத்துக்குரிய காசையும் பகல் வெளிச்சத்தில், தெளிந்த மனத்தோடு பிரித்துவிட வேண்டும்; இருட்டிய பின் அந்தப் பிரிவினையை எக்காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது.

காசு வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். இலங்கை ரூபாயைப் பாங்கொக்குக்குக் கொண்டுபோய் மாற்றுவது வீண். எடுப்பவர்கள் குறைவு, எடுத்தாலும் விலை மோசம். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடிய இலங்கை ரூபாயும் 20,000க்கு மேற்படக் கூடாது. அமெரிக்க டொலரை வங்கியில் அல்லது மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்தில் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் காட்டி வாங்கி, பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். எங்கள் பகுதி வங்கிக் கிளைகளில் டொலர் தாள் எப்போதும் கையிருப்பில் இருக்கும் என்று எண்ணக் கூடாது. சில நாட்களுக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. கிழியாத, மை படாத, மடிப்புத் தெரியாத நூறு டொலர் தாள்களாகக் கேளுங்கள். தாய்லாந்தின் நாணயமாற்று நிலையங்கள் நூறு டொலர்த் தாளுக்குக் கொடுக்கும் விலையைச் சிறிய தாள்களுக்குக் கொடுப்பதில்லை, பழுதான தாள்களைத் திருப்பித் தந்துவிடுவதும் உண்டு. உண்டியல்காரர், அதாவது வங்கி வழியில்லாமல் காசு கைமாற்றுபவர், ஒருவரிடம் இங்கே ரூபாயைக் கொடுத்து அங்கே தாய்லாந்து நாணயமான பாத்தாக வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டத்துக்கு மாறானது. அங்கே காசு கைக்கு வராவிட்டால் முறையிடுவதற்கு உங்களுக்கு ஓர் இடமும் இல்லை.

பலர் கவனிக்கத் தவறுவது, ஆபத்தான முதல் இரவு பாங்கொக்கில் தொடங்குவதில்லை என்பதை. அது ஏ-9 வீதியில் ஏறும் இரவுப் பஸ்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. தேநீருக்கு நிறுத்துமிடத்தில் பாதித் தூக்கத்தில் இறங்கும்போது, டொலர் இருக்கும் பையைத் தலைக்கு மேலுள்ள தட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த ஓர் இரவுக்கு, விமான நிலையத்தை அடையும் வரைக்கும், தாய்மார் சொன்னபடி எல்லாம் உடம்போடுதான் இருக்க வேண்டும். சட்டைக்கு உள்ளே கட்டும் தட்டையான துணிப்பை அதற்குப் போதுமானது.

பாங்கொக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில், வருகை மண்டபத்தில் கண்ணில் படும் முதல் நாணயமாற்று நிலையத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். நகர ரயில் புறப்படும் நிலக்கீழ்த் தளத்தில் உள்ள நிலையங்களில் விலை பொதுவாக மேலாக இருக்கும். தேவையான ஒரு பகுதியை மட்டும் மாற்றிக்கொண்டு, மீதி டொலரை டொலராகவே விடுதிக்குக் கொண்டுபோங்கள். மாற்றிய கையோடு பாத் தாள்களைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துப் பழகுங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் 500 ரூபாய்த் தாள் ஊதா நிறம். அவர்களுடைய 500 பாத் தாளும் ஊதா நிறம். ஒரு பாத் ஒன்பது ரூபாயையொட்டி நிற்கும் காலத்தில் அந்த ஊதாத் தாள் எங்கள் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மங்கல் வெளிச்சத்தில், இரண்டு பியருக்குப் பிறகு, சிறுவயதிலிருந்து பழகிய கை அதை ஐந்நூறு ரூபாய் என்றே உணர்ந்து, பரிமாறியவருக்குச் சந்தோசமாக எடுத்துக் கொடுத்துவிடும். மறுபக்கம், எங்கள் ஆயிரம் ரூபாய் பச்சை. அவர்களுடைய பச்சைத் தாளோ வெறும் 20 பாத். சிவப்பு நூறு, நீலம் ஐம்பது, சாம்பல் கலந்த மண்ணிறம் ஆயிரம். இரவுக்கு எடுத்துப்போகும் காசில் ஆயிரம் பாத் தாள்களை இயன்றவரை தவிர்த்து, நூறு பாத் தாள்களாக வைத்திருப்பது பல சிக்கல்களைத் தீர்க்கும். பெரிய தாளைக் கொடுத்தால் மீதிக் காசை எண்ணிப் பார்க்கும் வேலையும், கொடுத்தது ஆயிரமா ஐந்நூறா என்ற தகராறும் கூடவே வரும்.

விடுதி அறையில் இரும்புப் பெட்டகம் இருந்தால் முதல் வேலையாக அதன் இலக்கத்தை நீங்களே மாற்றி, கடவுச்சீட்டையும் டொலரையும் இரண்டாவது கார்டையும் அதற்குள் வையுங்கள். காசை எண்ணி உறையில் இட்டு, உறையின் மேல் தொகையை எழுதி, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டகம் இல்லாத மலிவு விடுதியானால், பூட்டிய பயணப்பெட்டிக்குள் ஒரு பகுதியும் நம்பிக்கையான தோழரிடம் ஒரு பகுதியுமாகப் பிரிப்பதே நல்லது. இரவில் வெளியே போகும்போது கடவுச்சீட்டின் பிரதி போதும் என்பது என் கருத்து. சில நடனக் கூடங்கள் இருபது வயதை உறுதிசெய்ய மூலத்தையே கேட்கும். அப்படியான இடத்துக்குத்தான் போவீர்களென்றால் அதை மூடக்கூடிய உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும்போது கடவுச்சீட்டை ஈடாகக் கேட்டால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். ஈடாகப் போன கடவுச்சீட்டை மீட்க, இல்லாத கீறலுக்கெல்லாம் காசு கட்ட வேண்டியிருக்கும்.

இரவுக் காசை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். செலவழிக்கும் காசு முன்பையில் இருக்கட்டும். திரும்பி வரும் காசு, அதாவது விடுதிக்கு ரக்சியில் வருவதற்கான காசு, வேறொரு பையில் இருக்க வேண்டும்; அது இல்லாத காசு என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். பாங்கொக்கின் மேம்பால ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். மதுச்சாலைகளோ இரண்டு மணிவரையும், 2023 டிசம்பருக்குப் பின் குறிப்பிட்ட சில பகுதிகளில் நான்கு மணிவரையும் திறந்திருக்கும். ஆகவே திரும்பும் பயணம் ரக்சியில்தான். மீற்றர் 35 பாத்திலிருந்து தொடங்கினாலும், அந்த நேரத்தில் மீற்றர் போட மறுத்து மொத்தத் தொகை கேட்கும் சாரதிகள் பலர். கைப்பேசிச் செயலியில் வாகனம் கூப்பிட்டால் கட்டணம் முன்கூட்டியே தெரியும். இருந்தாலும் கைப்பேசி மின்னேற்றம் இறங்கிப்போகும் வேளைக்கும் சேர்த்துத்தான் அந்தத் தனிக் காசு.

மதுச்சாலைக்குள் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை முன்பே அறிந்திருப்பது காசைக் காப்பதில் பாதி. பட்டாயாவிலும் பாங்கொக்கிலும் பல இடங்களில், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு துண்டு எழுதி உங்கள் முன்னாலுள்ள சிறு குவளையில் செருகிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டை எடுத்துப் பார்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை. அங்கே வேலை செய்பவர்களும் அதைத் தவறாக எடுப்பதில்லை. அங்கு பணிபுரியும் பெண்ணுக்கு வாங்கிக்கொடுக்கும் பானத்துக்குத் தனி விலை உண்டு, அது உங்கள் பானத்தைவிடக் கூடியது. மேசைக்கு மேலே மணி தொங்கினால் தொடாதீர்கள். மணியை அடித்தால் அங்கிருக்கும் எல்லோருக்கும் நீங்கள் பானம் வாங்கித் தருவதாகப் பொருள். பாங்கொக்கின் பத்பொங் பகுதியில், நுழைவு இலவசம் என்று விலைப்பட்டியலைக் காட்டி மாடிக்கு அழைத்துப்போகிறவர்களின் பின்னால் போகவே வேண்டாம். மேலே போனபின் நீட்டப்படும் கணக்கு வேறு, அதைக் கட்டாமல் வெளியே விடாதபடி கதவருகே ஆட்களும் நிற்பார்கள். அப்படி அகப்பட்டுக்கொண்டவர், தம்மிடம் பயணக் காசு முழுவதும் இருந்தால் முழுவதையும் கொடுத்துவிட்டு வருவார். இரவுக் காசு மட்டும் இருந்தால் அதோடு போய்விடும். வெளியே வந்தபின் 1155 என்ற இலக்கத்தில் சுற்றுலாப் பொலிசை அழைக்கலாம், ஆங்கிலத்தில் பேசலாம்.

கார்ட் பற்றி எங்கள் ஆட்களிடம் இரண்டு வகையான எண்ணம் இருக்கிறது. கார்ட் இருந்தால் காசே தேவையில்லை என்பவர் ஒரு பக்கம், கார்டை நம்பவே கூடாது என்பவர் மறுபக்கம். தெருக்கடைகளில் தொங்கும் கியூ.ஆர். அட்டை பெரும்பாலும் தாய்லாந்து வங்கிக் கணக்குகளுக்கானது. இலங்கைக் கணக்கு வைத்திருப்பவர் அதை நம்பிப் புறப்பட முடியாது. அதேவேளை, காசு தொலைந்த காலையில் உங்களைக் காப்பாற்றக்கூடியது பெட்டகத்துக்குள் இருக்கும் அந்த இரண்டாவது கார்ட் மட்டுந்தான். ஆகவே ஊரில் இருக்கும்போதே வங்கிக்குப் போய், வெளிநாட்டுப் பாவனைக்கு உங்கள் கார்ட் திறந்திருக்கிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கம் உங்கள் இலங்கை இலக்கத்துக்கே வரும் என்பதால், சிம்மின் ரோமிங்கைப் புறப்படும் முன்பே திறந்து வையுங்கள். கார்டை முடக்குவதற்கான வங்கியின் தொலைபேசி இலக்கத்தை +94 உடன் கூடிய முழு இலக்கமாகக் கடதாசியில் எழுதி வையுங்கள். நான்கு இலக்கச் சுருக்க எண்கள் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாது.

தாய்லாந்தின் ஏ.ரி.எம். இயந்திரங்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேல் கட்டணம் எடுக்கின்றன. அது ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். இரவில் ஆயிரம் பாத், மறுபடி ஆயிரம் பாத் என்று எடுப்பவர் எடுத்த காசில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் கட்டணமாகவே கொடுத்துவிடுகிறார். பகலில், பெரிய அங்காடிக்கு உள்ளே அல்லது வங்கிக் கிளையோடு ஒட்டியுள்ள இயந்திரத்தில், தேவையானதை ஒரே தடவையில் எடுங்கள். இயந்திரம் ஒரு நாணயமாற்று விலையைக் காட்டி, அந்த விலைக்கு ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் காசு வரும், மாற்று விலையை உங்கள் கார்ட் நிறுவனம் தீர்மானிக்கும், அது பெரும்பாலும் மலிவாக இருக்கும். காசு வெளியே வந்ததும் திரும்பிவிடாமல், கார்டும் கைக்கு வரும்வரை நில்லுங்கள். மது அருந்திய பின் ஏ.ரி.எம். பக்கம் போவதில்லை என்று நண்பர்கள் எல்லோரும் சேர்ந்தே முடிவெடுப்பது நல்லது. ஒருவருடைய உறுதி பின்னிரவில் தளர்ந்தாலும் மற்றவர் பிடித்து நிறுத்துவார்.

கூட்டாகப் போகும்போது பொதுக்காசை ஒருவரிடம் கொடுத்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் அதை வெளிநாட்டிலிருந்து வந்த மச்சானிடம் கொடுக்காமல், அன்றிரவு குடிக்காதவரிடம் கொடுங்கள். மூத்தவர் என்ற மரியாதைக்காகவோ, செலவை அவரே ஏற்கிறார் என்ற கூச்சத்துக்காகவோ இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். வெளிநாட்டு உறவுகளின் உதவி வேறு இடத்தில் பெரிதாக உதவும். எல்லாம் தொலைந்த நிலையில் ஊரிலிருந்து காசு அனுப்புவது கடினம். ரொறன்ரோவிலிருக்கும் அக்காவோ அண்ணாவோ வெஸ்ரேர்ன் யூனியன் போன்ற முறையான வழியில் அனுப்பினால், கடவுச்சீட்டைக் காட்டிப் பாங்கொக்கிலேயே பெற்றுக்கொள்ளலாம். பாங்கொக்கில் நள்ளிரவு என்றால் ரொறன்ரோவில் நண்பகலையொட்டிய நேரம் என்பதால் அவர்கள் விழித்திருப்பார்கள். கடவுச்சீட்டை விடுதியில் விட்டுப்போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அது இல்லாவிட்டால் அனுப்பிய காசும் கைக்கு வராது.

மிஞ்சிய பாத்தைப் பாங்கொக்கிலேயே நகரத்து நிலையமொன்றில் டொலராக மாற்றிவிடுங்கள். நாணயங்களை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால் கடைசி நாளின் சாப்பாட்டுக்கு அவற்றைச் செலவழியுங்கள். கட்டுநாயக்காவிலிருந்து வன்னிக்கு வரும் பஸ்ஸுக்கும் வழிச் சாப்பாட்டுக்குமான இலங்கை ரூபாயைப் புறப்படும்போதே பெட்டகத்து உறைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், அதிகாலையில் வந்திறங்கும்போது திறந்திருக்கும் நாணயமாற்று நிலையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.