தலைவனைப் படிக்க வேண்டுமா, அவன் வாசலில் நிற்பவனைப் பாருங்கள்

எம்பிஏ முதல் செமஸ்டர், ஓபி (நிறுவன நடத்தையியல்) பேப்பர். இன்டர்னலில் 13 மார்க் கேள்வி: தலைமைப் பாணிகளை எடுத்துக்காட்டுகளுடன் ஒப்பிடுக. எல்லாரும் கம்பெனி முதலாளிகளைப் பற்றித்தான் எழுதுவார்கள், நாம் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் பாத்திரங்களை இறக்குவோம் என்று நினைத்தேன். அரகார்ன் டிரான்ஸ்ஃபர்மேஷனல் (ஆட்களையே மாற்றி உயர்த்துபவர்), டெனதார் எதேச்சாதிகாரி, தியோடன் ஜனநாயகவாதி என்று ஆளுக்கொரு லேபிள் ஒட்டினேன். 13க்கு 5 வந்தது. பேப்பர் ஓரத்தில் சிவப்பு மையில், “எதை வைத்துச் சொல்கிறாய்?”

இன்னொரு சொதப்பலும் இருந்தது. ஆபத்து நெருங்கியும் டெனதார் யாரிடமும் உதவி கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். அது படத்தில் பார்த்தது. நாவலில் மலையுச்சித் தீ அடையாளங்களை ஏற்றச் சொல்வதே அவர்தான். தியோடனுக்குச் சிவப்பு அம்பு அனுப்பி உதவி கேட்பதும் அவர்தான். சார் நாவலைப் படித்தவர், என் நேரம். கதையிலிருந்து எடுத்துக்காட்டு கொடுப்பதானால் மூலத்தில் அந்தப் பகுதியை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அதன்பிறகு படிக்கும் முறையை மாற்றினேன். ஒரே நெருக்கடியில் மாட்டிய இரண்டு பேரை எடுத்து, அவர்கள் செய்த காரியங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். தியோடனும் டெனதாரும் இதற்கென்றே அமைந்த ஜோடி. இருவரும் வயதானவர்கள், ஒருவர் ரோஹன் நாட்டு அரசர், மற்றவர் கோண்டோரை அரசரில்லாத காலத்தில் அரசர் சார்பில் ஆளும் பிரதிநிதி. அடுத்தடுத்த நாளில் தியோடனின் ஒரே மகனும் டெனதாரின் மூத்த மகனும் போகிறார்கள். கடைசியில் இருவரும் ஒரே நாளில் இறக்கிறார்கள். (ஆங்கிலத்தில் தியோடன் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு ஓர் எழுத்தைச் சேர்த்தால் டெனதார் வந்துவிடும். இது மார்க் வாங்கித் தராது, ஆனால் மறக்காது.)

இருவர் வாசலிலும் ஒரு காவலன் நிற்கிறான். எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான். தியோடனின் வாசலில் ஹாமா. ஆயுதங்களை வாங்கி வைக்க வேண்டியது அவன் வேலை. மந்திரவாதி காண்டால்ஃபின் கைத்தடியைப் பார்த்து அவனுக்குச் சந்தேகம் வருகிறது. ஆனாலும் தன் புத்தியை நம்பித் தடியோடு உள்ளே விடுகிறான். பிறகு, சிறையிலிருந்து வந்த அரசரின் தங்கை மகன் எயோமர் கேட்டதும், அரசரின் உத்தரவில்லாமலே வாளையும் எடுத்துக் கொடுக்கிறான். நடுங்கிக்கொண்டே அரசரிடம் ஒப்புக்கொள்கிறான். தண்டனை ஏதும் இல்லை. அதைவிட, தான் போருக்குப் போகும்போது நாட்டை யார் கவனிப்பது என்று தியோடன் கேட்க, எயோமரின் தங்கை எயோவினைச் சொல்வதும் இதே ஹாமாதான். அரசர் ஏற்றுக்கொள்கிறார்.

டெனதாரிடம் இருப்பவன் பெரகாண்ட். காய்ச்சலில் கிடக்கும் தன் மகன் ஃபாராமிரை உயிரோடு எரிக்க டெனதார் உத்தரவிடுகிறார். அதைத் தடுக்க பெரகாண்ட் அனுமதியின்றிக் காவலை விட்டு ஓட வேண்டியிருக்கிறது. சொந்த ஆட்களையே வெட்ட வேண்டியிருக்கிறது. அங்கே சொந்தப் புத்தியைப் பயன்படுத்த வேறு வழியே கிடையாது.

இப்போது தலைமைப் பாணிகளைப் பற்றி 1939இல் வெளிவந்த லெவின், லிப்பிட், வைட் ஆய்வைத் திறந்து பாருங்கள். பத்து வயதுப் பையன்களின் குழுக்கள், வெவ்வேறு பாணியில் நடத்தும் தலைவர்கள். தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் எதேச்சாதிகாரக் குழுவில் வேலை படுத்துவிடும். ஜனநாயகக் குழுவில் ஏறக்குறைய அப்படியே நடக்கும். முன்பு இதை மனப்பாடம் செய்து மறந்துபோனேன். தலைவர் பார்க்காதபோதும் தன் புத்தியால் நடக்கும் ஹாமாவை வைத்துப் படித்தபின் மறக்கவில்லை.

ஆனால் தியோடனை முழுக்க ஜனநாயகவாதி ஆக்கிவிடாதீர்கள். அதற்கு முன் நாட்டை க்ரீமா என்ற வஞ்சக ஆலோசகன் கையில் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவரும் அவரே. அது லெவின் சொன்ன மூன்றாவது வகை, தலையிடாத தலைமை. டெனதாரும் சோம்பேறி இல்லை, உடம்பு தளர்ந்துவிடக் கூடாதென்று அங்கிக்குள் கவசத்தோடு உறங்குபவர். ஒரு மனிதனிடமே இரண்டு பாணி இருக்கலாம் என்று காட்டினால் திருத்துபவர் நின்று படிப்பார்.

எழுதும்போது கோட்பாடு முதலில், பாத்திரம் பிறகு. கதை தெரியாதவருக்காக ஆள் யார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கதைச் சுருக்கம் எழுத உட்கார்ந்தால் நேரம் போய்விடும். என் தோழி ஒருத்தி மூன்று பக்கம் மோதிரக் கதையே எழுதிவிட்டு வந்தாள்.

செமஸ்டரில் கேள்வி மாறி வந்தது. ஃபிரெஞ்ச், ரேவன் 1959இல் சொன்ன ஐந்து அதிகார மூலங்கள். கொஞ்சம் திகைத்தேன், அப்புறம் பெரகாண்டே கைகொடுத்தான். கோண்டோரின் அரசராக முடிசூடிய அரகார்ன் அவனுக்குத் தீர்ப்புச் சொல்கிறார்: புனித இடத்தில் ரத்தம் சிந்தியதால் காவற்படையிலிருந்தும் நகரத்திலிருந்தும் நீங்க வேண்டும். கேட்டதும் பெரகாண்டின் முகம் வெளிறிப்போகிறது. அடுத்த வாக்கியத்தில் அவனையே ஃபாராமிரின் காவற்படைத் தலைவனாக நியமிக்கிறார். பதவி தந்த அதிகாரம், தண்டிக்கும் அதிகாரம், பரிசளிக்கும் அதிகாரம் மூன்றும் அந்தத் தீர்ப்பில் கிடைத்துவிட்டன. மீதி இரண்டான நிபுணத்துவ அதிகாரம், ஈர்ப்பு அதிகாரம் ஆகியவற்றுக்கு, குணப்படுத்தத் தெரிந்த அவர் கைகளையும், அவர் மேல் மக்களுக்கு இருந்த பிரியத்தையும் எழுதி முடித்தபோது மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது.