லண்டனில் பயிற்சி சொலிசிட்டர்: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

லண்டனில் வணிகச் சட்ட நிறுவனம் ஒன்றில் பயிற்சி சொலிசிட்டராக (கட்சிக்காரர்களுக்குச் சட்ட ஆலோசனை தந்து ஆவணங்களைத் தயாரிக்கும் வழக்கறிஞராகப் பயிற்சி பெறுபவராக) சேரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தச் சட்டப் புத்தகத்தை மறுபடி புரட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான். சட்டம் உங்களுக்குப் போதுமான அளவு தெரிந்திருக்கும். ஒரு பேரம், அதாவது ஒரு வணிக ஒப்பந்தம், நடைமுறையில் எப்படி முடிகிறது என்பதுதான் தெரிந்திருக்காது. யார் கையெழுத்திட வேண்டும், எந்த ஆவணம் இன்னும் வரவில்லை, எந்தப் பதிவு எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற கணக்கையெல்லாம் அந்தக் குழுவில் வைத்திருப்பவர் பயிற்சியாளர். நிறுவனத்தின் பங்குதாரரான மூத்த வழக்கறிஞருக்கு, அதாவது பார்ட்னருக்கு, அது நினைவில் இருக்காது. உங்களிடம் இருக்கும் என்று நம்பித்தான் அவர் மற்ற வேலையைப் பார்க்கிறார். இந்தப் பொறுப்பை எடுபிடி வேலை என்று நினைப்பவர்களுக்குப் பயிற்சியின் இரண்டு ஆண்டுகளும் கசப்பாகவே போகும்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் 2021 செப்டம்பரில் எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு முறை வந்தது. முதல் கட்டத்தில் 180 கேள்விகள் வீதம் இரண்டு தாள்கள். ஐந்து விடைகளில் மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தகம் பார்க்க அனுமதி இல்லை. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டாம் கட்டம் செய்முறை: 12 எழுத்துப் பணிகள், 4 வாய்மொழிப் பணிகள். பாடத்தை முழுவதும் முடித்துவிட்டுக் கேள்விகளுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு தலைப்பைப் படித்த அன்றே கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தத் தலைப்பின் கேள்விகளைச் செய்யுங்கள். ஐந்தில் மூன்று விடைகள் சரி போலவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியும் பழக்கம் படிப்பதால் மட்டும் வருவதில்லை.

பயிற்சிக் காலம் பெரும்பாலான நிறுவனங்களில் ஆறு மாதம் வீதம் நான்கு துறைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் 'சீட்' என்பார்கள். எனக்கு முதலில் கிடைத்தது வங்கிக் கடன் துறை. நான் கேட்டது அதுவல்ல. ஆனால் அங்கே கற்றதுதான் மற்ற மூன்றுக்கும் உதவியது.

வங்கி கடன் கொடுக்கும் முன் கைக்கு வந்தாக வேண்டிய ஆவணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு: இயக்குநர் குழுவின் தீர்மானம், மாதிரிக் கையொப்பங்கள், காப்பீட்டுச் சான்று என்று அது பல பக்கம் நீளும். அந்தப் பட்டியல் பயிற்சியாளருடையது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிலவரத்தை எழுதி, தினமும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நினைவூட்டி, வந்ததைப் படித்துச் சரிபார்க்க வேண்டும். படித்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். தீர்மானத்தில் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் சரியா, கையெழுத்திட அதிகாரம் பெற்றவரும் கையெழுத்திட்டவரும் ஒருவர்தானா என்று பார்க்காமல் 'வந்துவிட்டது' என்று குறித்தால் அந்தப் பட்டியலால் யாருக்கும் பயனில்லை.

கையொப்பத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு நிறுவனத்துக்காக இயக்குநர் ஒருவர் மட்டும் பத்திரத்தில் கையெழுத்திட்டால் சாட்சி தேவை. அந்தச் சாட்சி அவர் கையெழுத்திடும்போது அருகிலேயே இருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தது போதாது. வெளிநாட்டில் ஓட்டல் அறையில் தனியாக இருக்கும் இயக்குநருக்கு இதை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். எங்கே கையெழுத்து, சாட்சி தன் பெயரையும் முகவரியையும் எங்கே எழுத வேண்டும், எதை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சலில் எளிய வரிகளில் எழுதி அனுப்புங்கள். நன்றாக எழுதிய அந்த ஒரு மின்னஞ்சல், கடைசி இரவின் பாதிப் பதற்றத்தைக் குறைத்துவிடும்.

பணம் கைமாறியதும் எல்லோரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வேலை அப்போதுதான் சூடுபிடிக்கும். நிறுவனத்தின் சொத்தின் மீது வங்கி பெற்ற பிணையை 21 நாட்களுக்குள் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசு நிறுவனப் பதிவகத்தில் பதிய வேண்டும். தவறினால், நிறுவனம் நொடிக்கும்போது கலைப்பாளரிடமும் கடன் கொடுத்த மற்றவர்களிடமும் அந்தப் பிணை செல்லாது. அந்தப் பிணையை நம்பித்தான் வங்கி பணத்தையே கொடுத்திருக்கிறது. தேர்வில் இது ஒரு கேள்வி, ஒரு மதிப்பெண். அலுவலகத்தில் உங்கள் நாள்காட்டியில் உள்ள ஒரு தேதி. நான் பணம் கைமாறிய மறுநாளே பதிவு செய்துவிடுவேன். கடைசித் தேதி என்பது வேலை செய்வதற்கான தேதி அல்ல என்பது என் உறுதியான கருத்து.

சொத்துத் துறையிலும் இப்படியான தேதிகள்தான் ஆட்சி செய்கின்றன. இங்கிலாந்தில் நிலம் வாங்கினால் முத்திரை வரிக் கணக்கை 14 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நிலப் பதிவகத்தில் செய்யும் முன்னுரிமைத் தேடல், இடையில் வேறொருவர் செய்யும் பதிவு வாங்குபவரை முந்திவிடாமல் 30 வேலை நாட்களுக்குப் பாதுகாப்புத் தரும். பதிவு விண்ணப்பம் அதற்குள் போய்ச் சேர வேண்டும். வழக்குத் துறையில் நான் அதிகம் செய்தது ஆவணங்களைக் காலவரிசைப்படுத்திப் பக்க எண்ணிட்டுத் தொகுப்பது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் வழக்கின் கதையை முழுவதும் அறிந்தவர் அந்த அறையில் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மூத்தவர் தரும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூத்தவர் அழைத்தால் நோட்டும் பேனாவும் இல்லாமல் எழுந்து போகாதீர்கள். இது யாருக்காக, எப்போது வேண்டும், இரண்டு வரி மின்னஞ்சலா முழு அறிக்கையா, எவ்வளவு நேரம் செலவிடலாம், முன்பு தயாரித்த மாதிரி ஆவணம் ஏதாவது இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். பிறகு புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் திறமையில்லாதவர் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் நம்மவர்களிடம் அதிகம். பெரியவர்களைக் குறுக்கே கேட்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். லண்டன் அலுவலகத்தில் மௌனமாகத் தலையாட்டுபவரைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள்.

செய்த வேலையை ஆறு நிமிடத் துண்டுகளாகப் பதிய வேண்டும், மணிக்குப் பத்து. அன்றன்றே எழுதிவிடுங்கள். அதிக நேரம் ஆகிவிட்டதே என்று நீங்களாகக் குறைத்து எழுதாதீர்கள். கட்சிக்காரருக்கான கட்டணத்தில் எதைக் கழிப்பது என்று முடிவு செய்வது பார்ட்னரின் வேலை. பேரம் முடியும் வாரங்களில் நள்ளிரவைத் தாண்டியும் உட்கார நேரிடும். அப்படிப்பட்ட வாரம் முடிந்ததும் விடுப்புக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தைப் பலரும் தாமதமாகத்தான் அறிகிறார்கள். தகுதி பெற்றபின் எந்தத் துறையில் எத்தனை இடம் என்பது பெரும்பாலும் நான்காவது சீட் நடந்துகொண்டிருக்கும்போதே முடிவாகிவிடும். ஆகவே நீங்கள் நிலைக்க விரும்பும் துறையை இரண்டாவது அல்லது மூன்றாவது சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வாரமும் செய்த வேலைகளைக் கட்சிக்காரரின் பெயர் இல்லாமல் ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். இடைக்கால மதிப்பீட்டின்போதும் வேலைக்கான நேர்காணலின்போதும் உங்களிடம் கேட்கப்படுவது அந்த விவரங்கள்தான்.